முப்பத்தெட்டுச் சொற்களும் ஒரு வாக்கியமும்

1. அப்பாவின் குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.
2. ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் அப்பா பேசுவதை என் லேப்டாப்பில் பதிவு செய்தேன்.
3. லேப்டாப் கம்பெனியுடையது. அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டிருந்ததால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.
4. அனுப்பும் முன் பதிவுகளை ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்.
5. ஸ்கிரிப்ட் ஓடி, "முடிந்தது" என்று திரையில் எழுதியது.
6. லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பினேன். வழக்கப்படி கம்பெனியில் அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்தார்கள்.
7. ஆபரேஷன் நடந்தது. அப்பாவின் குரல் போனது.
8. ஐந்தாம் நாள் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். ஒரே சொல்லாக இருந்த பதிவுகள் மட்டும் அதில் இருந்தன. வாக்கியங்கள் ஒன்றுகூட இல்லை.

யாராவது கேட்டால் இந்த எட்டையும்தான் சொல்கிறேன். கேட்பவர்கள் எட்டாவதில் நின்று, "அதெப்படி, ஒரே சொல் மட்டும்?" என்கிறார்கள். அதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியைச் சுற்றியே சர்வீஸ். சாரல் தொடங்கினால் குற்றாலத்தில் சீசன் டூட்டி போடுவார்கள். அருவிக்கரையில் விசிலும் கையுமாக நிற்க வேண்டும். மழை வலுத்துத் தண்ணீர் கூடினால் குளித்துக்கொண்டிருப்பவர்களை அப்போதே வெளியேற்ற வேண்டும். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல் அவருடையது. வீட்டில் உப்பு கேட்டாலும் தெருவுக்குக் கேட்கும்.

வீட்டில் அப்பா, அம்மா, நான். அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான், வடக்கே.

கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், இனி அதன் வழியாகத்தான் மூச்சு என்று டாக்டர் விளக்கினார். தொண்டையில் அழுத்திப் பேசும் கருவி ஒன்று உண்டு, மெஷின் பேசுவதுபோல் இருக்கும் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் வரிசையாக நோட்டில் குறித்துக்கொண்டேன். திரும்பி வந்த பஸ்ஸில் ஆலங்குளம் தாண்டும்போதே திட்டம் தயாராகிவிட்டது. ஒரு பழைய டேப்லட்டில் பொத்தான்கள் வைப்பது. ஒவ்வொரு பொத்தானும் அப்பாவின் குரலில் ஒரு பதிவை ஒலிக்கும். கருவியின் குரல் வேண்டாம், அவர் குரலிலேயே பேசிக்கொள்ளலாம்.

என்னென்ன பதிவது என்று தலைப்பு வாரியாகப் பட்டியல் போட்டேன். தினசரி. ஆஸ்பத்திரி. ஆளைக் கூப்பிட. போன். அப்பா பட்டியலை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எஃப்.ஐ.ஆர். படிப்பதுபோல் முதல் வரியிலிருந்து படித்தார்.

"ஏட்டி, நான் என்ன இம்புட்டு மரியாதையாவா பேசுதேன்? 'தயவுசெய்து ஃபேனைப் போடவும்'னு எழுதியிருக்க. என்னைக்கு நான் தயவுசெய்துன்னு சொன்னேன்?"

"பின்ன எப்படிச் சொல்லுவீங்க?"

"'அந்த ஃபேனுக்கு என்ன கேடு'ம்பேன். அதை எழுது."

எழுதினேன்.

"கோவத்துக்குத் தனியா ஒரு தலைப்பு போடு. அதுதான் நிறைய வேணும்."

அடுக்களையிலிருந்து அம்மா, "அதுக்கு உங்க அப்பாவுக்கு வாயே வேண்டாம்ட்டி, மூஞ்சியே போதும்" என்றாள்.

பள்ளிக்கூட வேன்கள் போன பிறகு, காலை பத்து மணிக்கு மேல் பதிவு செய்வோம். ஜன்னலைச் சாத்துவோம். அம்மா அதற்குள் மிக்சி வேலையை முடித்திருப்பாள், அல்லது முடித்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று நான்கு தடவை சொல்லச் சொல்வேன். வா, போ, சரி, ஆமா, இல்ல, தண்ணி, காப்பி, வலிக்குது, போதும் போன்ற ஒற்றைச் சொற்களை முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிட்டோம். முப்பத்தெட்டு இருந்தன. அவற்றை அவர் ஸ்டேஷனில் ஆஜர் கூப்பிடுவதுபோல ஒரே தொனியில் வாசித்தார். பிறகு வாக்கியங்கள். வாக்கியம் என்று வந்ததும் பட்டியலை மறந்து பேச ஆரம்பித்துவிட்டார். "காப்பி ஆறிப்போச்சு." "உங்கம்மைட்ட சொல்லாத." "சாப்பிட்டியாட்டி, பொய் சொல்லக் கூடாது." இப்படி நூற்றெழுபத்து நான்கு வாக்கியங்கள் சேர்ந்தன.

ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்த வாக்கியத்தையே பெயராக வைத்தேன். வேலையில் நான் ஃபைல் பெயருக்குள் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடவே மாட்டேன். அடிக்கோடு போட்டு இணைப்பேன். ஆனால் பெயர்தான் பொத்தான்மேல் தெரியப் போகிறது. படிப்பவர் அப்பா. அவர் சொல்கிறபடியே இருக்கட்டும் என்று இடைவெளிகளை விட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்துத் துளையில் தண்ணீர் போகக் கூடாது என்பதால் இனி அருவிக் குளியல் கிடையாது. அதனால் இரண்டாவது வாரத்தில் ஒரு வேலை நாள் காலையில் மெயினருவிக்குப் போனோம். சீசன் இல்லை. தண்ணீர் பாறையோடு ஒட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நின்றார். நான் லேப்டாப் பையோடு காய்ந்த பக்கம் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றார் என்று பார்த்தேன். பதினெட்டு நிமிடம்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர், "அந்த மைக்கை எடு. ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார். பையை ஒரு டீக்கடை பெஞ்சில் வைத்துத் திறந்தேன். அருவியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு கத்தினார்.

"தண்ணி கூடுது, எல்லாரும் வெளிய வாங்க."

குளித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரில் இரண்டு பேர் நிஜமாகவே வெளியே வந்துவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த டூட்டி கான்ஸ்டபிள் எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, எங்க கூடுது தண்ணி?"

"கூடும்போது நான் இருக்க மாட்டேம்லா. அதான் இப்பமே சொல்லி வைக்கேன்."

"டிபார்ட்மெண்டா?"

"ஆமா. ரிட்டயர்டு."

கான்ஸ்டபிள் சிரித்து, வெளியே வந்த இருவரையும் மறுபடி உள்ளே போகச் சொன்னார். நான், "இது எதுக்குப்பா? வீட்டுல இதை எங்க சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பாத்ரூமுக்குள்ள போனா உங்கம்மா ஒரு மணி நேரம் நிக்காள்லா. அவளுக்கு."

அந்தப் பதிவை ஒரு முறைதான் எடுத்தேன். பின்னால் அருவிச் சத்தம் நிறைய இருந்தது. சுத்தம் செய்யவில்லை.

மூன்றாவது வாரத்தில் லேப்டாப்பை அனுப்பச் சொல்லி மெயில் வந்தது. பெரும்பாலான வாக்கியங்களுக்கு மூன்று நான்கு பதிவுகள் இருந்ததால் நல்லதை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயர்களை ஒரு பட்டியலாக வைத்திருந்தேன். பட்டியலைப் படித்து, பெயர்களையெல்லாம் ஒரே வரியாகக் கோத்து ஓரிடத்தில் சேமித்து, அந்த வரியை நகலெடுக்கும் கட்டளையிடம் கொடுக்க வேண்டும். பதினைந்து வரி ஸ்கிரிப்ட். வேலையில் தினமும் எழுதியதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு என்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். கட்டளைக்குப் பெயர்களைக் கொடுக்கும்போது, ஒரு பெயர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அடையாளமே இடைவெளிதான். 'காப்பி ஆறிப்போச்சு' நமக்கு ஒரு பெயர். கணினிக்கு அது இரண்டு. அதனால் பெயருக்குள் இருக்கும் ஒவ்வொரு இடைவெளிக்கும் முன்னால் ஒரு சாய்கோடு போட்டேன். 'இங்கே வெட்டாதே, இது பெயரின் பகுதி' என்பது அதற்கு அர்த்தம். சோதனைக்கு மூன்று பெயர்களை மட்டும் கோத்து, வந்த வரியைத் திரையில் பார்த்தேன். சரியாக இருந்தது. அந்த வரியையே எடுத்துக் கையால் ஒட்டி ஓட்டினேன். மூன்று ஃபைல்களும் வந்தன. சோதனை நகல்களை அழித்துவிட்டேன்.

கையால் ஒட்டினால் வரும். கையால் தரும் வரியை முதலிலிருந்து படிக்கும்போது சாய்கோட்டின் அர்த்தம் கணினிக்குப் புரியும். ஆனால் சேமித்து வைத்த வரியை ஸ்கிரிப்ட் எடுத்து விரிக்கும்போது அந்த அடையாளங்களை அது மறுபடி படிப்பதில்லை. சாய்கோடு அப்போது வெறும் எழுத்து. இடைவெளி வந்த இடத்திலெல்லாம் வெட்டிவிடும். 'காப்பி' என்று தொடங்கிச் சாய்கோட்டில் முடியும் ஒரு ஃபைலையும் 'ஆறிப்போச்சு' என்ற ஒரு ஃபைலையும் அது தேடியது. இரண்டும் இல்லை. ஒற்றைச் சொல் பெயர்களில் வெட்ட இடம் இல்லாததால் அவை முழுசாகப் போய்ச் சேர்ந்தன. பெயர்களை இப்படி ஒரே வரியாகச் சேமிக்கக் கூடாது, ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில் வைத்து, அறை அறையாகக் கொடுக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இல்லாத ஃபைலைத் தேடினால் அது புகார் சொல்லும். சொல்லியிருக்கும், நூற்றுக்கணக்கில். அந்த ஹார்ட் டிஸ்க் டிவியில் போட்டுப் பார்ப்பதற்காக வாங்கியது. ஃபைல் யாருடையது என்ற விவரத்தை அதில் எழுத முடியாது. சோதனையின்போது ஃபைலுக்கு ஒரு புகார் வீதம் அதைப் பற்றி வந்தது. அதனால் புகார் எதுவும் திரைக்கு வராதபடி அடைத்துவிட்டேன். கடைசி வரியில் 'முடிந்தது' என்று எழுதச் சொல்லியிருந்தேன். எது நடந்தாலும் எழுதும்.

டிஸ்க்கைத் திறந்து பார்க்கவும் செய்தேன். முதலாவதாக இருந்த 'ஆமா'வை ஒலிக்கவிட்டேன். அப்பா "ஆமா" என்றார். மூடிவிட்டேன்.

ஆபரேஷன் திருநெல்வேலியில். ஐந்தாம் நாள் அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். மூக்கில் குழாய், கழுத்தில் கட்டு. மடியில் ஒரு குயர் நோட்டு. இரண்டு கை விரல்களாலும் காற்றில் ஒரு செவ்வகம் போட்டுக் காட்டினார். டேப்லட். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஹார்ட் டிஸ்க்கை இணைத்தேன். திரையின் அடியில் 38 என்று இருந்தது.

வார்டை விட்டு வெளியே வந்து கம்பெனிக்குப் போன் செய்தேன். லேப்டாப்புகளைப் பார்க்கும் பிரிவில் இருந்தவர் நல்ல மாதிரியாகப் பேசினார். "டிஸ்க் முழுக்கப் பூட்டியே இருக்கும் மேடம். நாங்க சாவியையே அழிச்சிடுவோம். யார் நினைச்சாலும் எடுக்க முடியாது." எனக்கும் அது தெரியும். நன்றி சொல்லி வைத்தேன். கேன்டீனில் சாம்பார் சாதம் வாங்கி முழுவதும் சாப்பிட்டேன். தட்டைக் கழுவும் இடத்தில் வைத்தேன். அதன் பிறகு மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அவரு பேசினது அம்புட்டும் போயிட்டா?"

"ஒத்தச் சொல்லு மட்டும் இருக்கும்மா."

"அது என்னட்டி, போனா எல்லாம் போகணும், இருந்தா எல்லாம் இருக்கணும்."

பெயருக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"பெரிய படிப்பு படிச்சவ. நடுவுல ஒரு எடம் விட்டா அதுக்குத் தெரியாதாம்லா." படியிலிருந்து எழுந்தாள். "அவருட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

சொன்னேன். ஸ்கிரிப்ட், சாய்கோடு, புகார், எல்லாம் வரிசையாக. அப்பா விசாரணை கேட்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் நோட்டில் எழுதினார். 'எத்தனை மிச்சம்?'

"முப்பத்தெட்டு."

ஒலிக்கவிடச் சொல்லிக் கை காட்டினார். இயர்போனை அவர் காதில் வைத்தேன். முப்பத்தெட்டையும் கேட்டார். ஒரு சொல்லுக்கு ஒரு விநாடிதான், சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு எழுதினார்.

'டிராஃபிக் டூட்டிக்கு இது போதும்.'

அம்மா அதை எட்டிப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். நான் இயர்போனைச் சுருட்டினேன். அவர் அந்த வரிக்குக் கீழே இன்னொன்று எழுதி நோட்டை என் பக்கம் திருப்பினார்.

'வெளிய வாங்க இருக்கா?'

இல்லை என்று தலையாட்டினேன். பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து அண்ணன் கூப்பிட்டான்.

"ஏட்டி, நீ அப்பா பேசினத ஒண்ணு அனுப்பினல்லா, முதல்ல. எப்படி இருக்குன்னு கேட்டு."

"எது?"

"'மோட்டார நிறுத்திட்டியா.'"

"வேற?"

"வேற எதும் நீ அனுப்பல. நாந்தான் கேட்டேன், இன்னும் ரெண்டு அனுப்புன்னு. எல்லாம் முடிச்சுட்டு மொத்தமா தாரேன்ன."

"சரி. அதை அனுப்பு."

வாட்ஸப்பில் போய் வந்ததில் சத்தம் கொஞ்சம் மெலிந்திருந்தது. பின்னால் மிக்சியும் கேட்டது. அதனால்தான் அதை நல்ல பதிவு என்று எடுக்காமல் சாம்பிளாக அனுப்பியிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து ஒலிக்கவிட்டேன். "மோட்டார நிறுத்திட்டியா." அடுக்களையிலிருந்து அம்மா, "அப்பமே நிறுத்தியாச்சு" என்றாள். சொன்ன பிறகு கரண்டியோடு வாசல்படிக்கு வந்து நின்றாள். கட்டிலில் இருந்த அப்பா, இன்னொரு முறை என்று விரலைக் காட்டினார்.

இப்போது அந்தப் பொத்தான்தான் அதிகம் ஒலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோ காலில் வந்ததும் அப்பா முதலில் அதை அழுத்துவார். அவன், "நிறுத்திட்டேன் சார்" என்று அங்கிருந்து சல்யூட் அடிப்பான். பார்க்க வந்தவர்கள் நெடுநேரம் உட்கார்ந்தாலும் அதைத்தான் அழுத்துகிறார். அவர்கள் குழம்பிப்போய் மாடியைப் பார்க்கிறார்கள். மற்றச் சொற்களைச் சேர்த்து அழுத்திப் பார்த்தார். தண்ணி. வேண்டாம். காப்பி. ஆஜர் குரல்கள் மூன்று, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்தன. இரண்டு நாளில் விட்டுவிட்டார். விசில் ஊதவும் முடியாது. மூச்சு வாய் வழியாக வருவதில்லை. கட்டில் கம்பியில் எவர்சில்வர் தம்ளரால் தட்டுகிறார். ஒரு தட்டு அம்மாவுக்கு, இரண்டு எனக்கு.

போன வாரம் ஸ்கிரிப்டை மறுபடி எழுதினேன். பெயர்களை ஒரே வரியாகக் கோக்காமல் ஒவ்வொன்றையும் தனி அறையில் வைத்தேன். புகார்களை அடைக்கவில்லை. கடைசியில் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் 'முடிந்தது' என்று எழுதச் சொன்னேன். சோதிக்க இடைவெளி உள்ள பெயர்கள் வேண்டும். என் நோட்டில் வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. மீட்க முடியாத நூற்றெழுபத்து மூன்றுக்கும் அதே பெயரில் காலி ஃபைல்களை உண்டாக்கினேன். காப்பி ஆறிப்போச்சு. உங்கம்மைட்ட சொல்லாத. அந்த ஃபேனுக்கு என்ன கேடு. தண்ணி கூடுது, எல்லாரும் வெளிய வாங்க. ஓட்டினேன். ஒன்றுவிடாமல் போய்ச் சேர்ந்தன. இருக்கிற முப்பத்தொன்பதோடு சேர்த்து எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு.

அப்பா தம்ளரால் இரண்டு தட்டு தட்டி, என்ன செய்கிறாய் என்று கையால் கேட்டார். திரையைக் காட்டினேன். பெயர்களை மேலிருந்து கீழே படித்தார். ஒன்றின்மேல் விரல் வைத்து என்னைப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லப்பா. பேரு மட்டும்தான்."

தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். கடைசி வரை படித்தார்.

இன்றைய நிலை இது. ஸ்கிரிப்ட் சரியாக இருக்கிறது. டேப்லட்டில் முப்பத்தெட்டுச் சொற்களும் ஒரு வாக்கியமும் உள்ளன. மூன்று இடங்களில் நகல் இருக்கிறது. தொண்டைக் கருவி வந்துவிட்டது, பீரோவில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. காலி ஃபைல்களை அழிக்கவில்லை.